உப்புக்கோட்டையில் எத்தனை பாலம்?

கோட்டயத்தில் எங்கள் வார இதழுக்கு இருபது வருஷம் பிழை திருத்தியவன் நான். ஔசேப்பின் கண்ணுக்கு ஒரு கால்புள்ளிகூடத் தப்பாது என்பார்கள். அந்தத் திமிர்தான் என்னைக் கெடுத்தது.

அப்போது ‘உப்புக்கோட்டை’ என்றொரு மாந்திரிகத் தொடர் வந்துகொண்டிருந்தது. உப்பால் கட்டிய கோட்டை, மழைக்கு நடுங்கும் ராஜா, காவலுக்கு ஒற்றைக்கண் பூதம். எழுதியது பாலாயிலிருந்து வரும் ஏலிக்குட்டி சேச்சி, புருஷனை இழந்தவர். மந்திரக் கதைக்குப் பெண் பேர் போட்டால் எவன் வாங்குவான் என்று ஆசிரியர் குருவிளா சார் ‘வஜ்ரநாதன்’ என்று போட்டுவிட்டார்.

வெள்ளிக்கிழமைதோறும் சேச்சி பஸ் ஏறி வந்து அத்தியாயத்தைக் கொடுப்பார். கேட்பது ஒன்றே ஒன்று.

“ஔசேப்பே, தப்பு கண்டுபிடிச்சு யாராச்சும் லெட்டர் போட்டாங்களா?”

“ஒருத்தர்கூட இல்ல சேச்சி. நிம்மதியாப் போங்க.”

முகம் சுருங்கிப்போகும். அடக்கமான மனுஷி என்று நினைத்துக்கொள்வேன். கையெழுத்துப் பிரதியைப் பார்த்தால் ஒரே குளறுபடி. ஒரு வாரம் ஆற்றுக்கு மூன்று பாலம், அடுத்த வாரம் இரண்டு. பூதத்தின் இடக்கண் வலக்கண் ஆகிவிடும். பாவம், மறதி என்று நானே திருத்திவிடுவேன். சொன்னால் நோகுமே என்று சொல்லவில்லை. அச்சான கதையை அவர் படிப்பதும் இல்லை; பார்த்தாலே அழுகை வருகிறதாம்.

இரண்டாம் வருஷம் விற்பனை விழுந்தது. அடுத்த வாரத்தோடு முடித்துவிடுங்கள் என்றார் குருவிளா சார். சேச்சி மேஜையைப் பிடித்துக்கொண்டார்.

“சார், காசே வேண்டாம். எங்கயாச்சும் ஒரு மூலையில போடுங்க. நிறுத்திடாதீங்க சார்!”

“கதைன்னா முடியாம எப்படி சேச்சி?”

சேச்சி வெளியே வந்து காகிதக் கட்டின்மேல் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் கொடுத்தேன்.

“உப்புக்கோட்டை நான் கட்டினதில்ல ஔசேப்பே. என் மகன் ரெஜி சின்னப் பையனா இருக்கறப்போ அடுக்களையில கட்டினது. உப்பைக் குவிச்சு, தீப்பெட்டியால மூணு பாலம் போட்டு. நான் எதைச் சொன்னாலும் தப்புன்னு திருத்துவான். அவங்கப்பன் அடக்கத்தன்னிக்குச் சொந்தக்காரங்க முன்னாடி என்னைத் திருத்தினான். அறைஞ்சுட்டேன். ‘இனிமே என்னைத் திருத்த வாயைத் திறந்தா வீட்டுல இருக்காதே’ன்னுட்டேன். போனவன்தான். ஆறு வருஷமாச்சு.”

“சேச்சி...”

“மலையாளி இருக்கற ஊருக்கெல்லாம் இந்தப் பத்திரிகை போகுதில்ல? கதை சரியா இருந்தா பார்த்துட்டுப் பேசாம இருந்துடுவான், வீம்புக்காரன். தப்பைப் பார்த்தா மட்டும் சும்மா இருக்க மாட்டான். அதுக்குத்தான் வாரா வாரம் ஒரு தப்பு வெச்சேன். ஒரு வரிகூட வரலையே... செத்துப்போயிட்டானோ?”

கர்த்தாவே! தொண்ணூற்றிரண்டு வாரம். அத்தனை தப்பையும் இந்தக் கையால் அழித்திருக்கிறேன்.

“நான்தான் சேச்சி திருத்தினேன். எல்லாத்தையும்.”

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். “எல்லாத்தையுமா?” என்று மட்டும் கேட்டார்.

கடைசி அத்தியாயத்தில் பாலம் இரண்டு என்றே இருந்தது. நான் பேனாவையே தொடவில்லை. மூட்டையாகக் கடிதம் வந்தது. பாலம் எங்கே போச்சு என்று ஊரே கேட்டது. குருவிளா சார் என்னைக் கிழித்துத் தொங்கவிட்டார். சேச்சி தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு கையெழுத்தாகப் பார்த்தார். நாலாவது வெள்ளிக்கிழமை ஒரு அஞ்சலட்டையை எடுத்து நெஞ்சோடு அழுத்திக்கொண்டார்.

‘பாலம் மூன்று. மூன்றாவது தீப்பெட்டி உடைந்தது, பசை வைத்து ஒட்டினோம். எழுதுகிறவருக்கு இதுகூட ஞாபகமில்லையா?’

பேர் இல்லை, விலாசம் இல்லை. தபால் முத்திரை மசி பரவி ஊரும் தெரியவில்லை. பதில் சொல்லத் தொடரும் இல்லை.

“உயிரோட இருக்கான்... எங்கேன்னு தேடுவேன் ஔசேப்பே?”

என் கையில் இருந்தது ஒன்றே ஒன்று. கடைசிப் பக்கத்தின் அடியில் நான் பிழைகளை ஒப்புக்கொள்ளும் நாலு வரி இடம். யாரையும் கேட்காமல் அந்த வாரம் நானே அச்சுக் கோத்தேன்:

‘திருத்தம்: உப்புக்கோட்டைக்குப் பாலம் மூன்று. ரெஜி சொன்னதே சரி. தப்பு அம்மாவுடையது. வீட்டுக்கு வா.’