கரும்புகைக்குள் மறைந்த ஆட்டோ

பெரியகல்லாற்றில் இருக்கும் என் ட்ரெயிலர் லொறிக்கு வயது இருபத்தைந்துக்கு மேல். போன அறுவடைக்கு வெல்லாவெளியிலிருந்து நெல் ஏற்றி வந்தபோது சின்ன ஏற்றத்தில்கூடத் திணறியது. பம்பில் டீசல் வரத்தைக் கூட்டினால் இழுவை கூடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, பம்பின் திருகாணியை நானே திருகிவிட்டேன். லொறி உண்மையிலேயே பாய்ந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வயல் வீதியில் ஒரு வளைவைத் தாண்டி வேகமெடுத்தபோது, பின்னால் விடாமல் ஹோர்ன் சத்தம் கேட்டது. கண்ணாடியில் கரும்புகையைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. நிறுத்திவிட்டு ஓடினேன். ஓர் ஆட்டோ வீதி தெரியாமல் மழையில் நனைந்த வயல் வட்டைக்குள் இறங்கிப் புதைந்திருந்தது. ஓட்டி வந்த பெண் முழங்கால் சேற்றோடு ஏறி வந்தார். நல்லவேளை, காயமில்லை.

"என்னண்ணன், லொறியா ஓட்டுறீங்க, சூளையா ஓட்டுறீங்க? எனக்கு வீட்ட ரெண்டு புள்ள இருக்கு!"

கைகூப்பி மன்னிப்புக் கேட்டேன். ஆட்டோவைக் கயிறு கட்டி மேலே இழுத்துக் கொடுத்தேன்.

மறுநாள் மெக்கானிக் பார்த்தார். காற்றை வடிகட்டும் எயார் பில்டர் அடைத்திருந்தது. டர்போவிலிருந்து இஞ்சினுக்குக் காற்றுப் போகும் குழாயும் வெடித்திருந்தது.

"இஞ்சின் மூச்சு முட்டிக் கிடக்கு. நீங்க சோத்த அள்ளித் திணிச்சிருக்கீங்க அண்ணன்," என்று சிரித்தார். காற்றுப் போதாமல் சரியாக எரியாத டீசல்தான் கரும்புகையாக வந்திருக்கிறது.

இரண்டையும் மாற்றி, பம்பைப் பழைய அளவுக்கே வைத்தார். இப்போது அதே பாரத்தோடு லொறி சுகமாக ஏறுகிறது. இழுவை குறைந்தால் முதலில் காற்றுப் பாதையைப் பார்க்கிறேன்; திருகாணியைத் தொடுவதில்லை. வேகமெடுக்கும்போதெல்லாம் கண்ணாடியைப் பார்க்கிறேன். பின்னால் வருகிறவருக்கு வீதி தெரிந்தால் எனக்கு அது போதும்.