பத்திரமாத்தானே இருக்கு?

மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த வாடை, அதற்கு மேல் அத்தர்... அன்று எங்கள் கம்பம் வீட்டு முன்னறை முழுக்க இந்த மணம்தான். திராட்சைப் பந்தலுக்கு அந்த மருந்தடித்துவிட்டு வந்து, குளித்து, வெள்ளைச் சட்டை மாட்டி, டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார் அத்தா.

டிவியில் வரப்போவதே அவர்தானே!

விவசாய நிகழ்ச்சிக்காக எங்கள் சுருளிப்பட்டித் திராட்சைத் தோட்டத்தில் படம் பிடித்துப் போயிருந்தார்கள். பாரூக் அண்ணன் சவுதியில். போய் வருசக்கணக்காகியும் லீவு கிடைக்கவில்லை. அவன் இதைப் பார்க்க வேண்டும்... அத்தாவுக்கு அது ஒன்றுதான்.

"நீ கம்ப்யூட்டருக்குத்தானே படிச்ச? புடிச்சு வச்சுரு தாயி."

பிடித்தேன். வீட்டில் டிஷ் வைத்த புதிது. டிவியில் வருவதைப் பதிய கம்ப்யூட்டரில் டிவி கார்டும் இருந்தது. ரெக்கார்ட் ஆனதைப் போட்டுப் பார்த்தோம், பளிச்சென்று ஓடியது. சிடியில் காப்பி எடுத்து, சவுதி கிளம்பிய அடுத்த தெருக்காரரிடம் கொடுத்துவிட்டோம்.

அண்ணன் போன் வந்தது.

"ஏ புள்ள, என்னத்தப் போட்டுக் குடுத்த? கறுப்பா இருக்கு. இங்கிலீஷ்ல ஒரு வரி வருது, அம்புட்டுத்தான்."

கம்ப்யூட்டர் கடை பிரபுவைக் கூப்பிட்டோம். தட்டித் தட்டிப் பார்த்தான்.

"ப்ரொடெக்டட்க்கா. இந்தக் கம்ப்யூட்டர்ல மட்டுந்தான் ஓடும். காப்பி எடுக்கக் கூடாதுன்னு பூட்டித்தான் அனுப்புறாக."

"ப்ரொடெக்டட்னா?" என்றார் அத்தா.

"பாதுகாப்பு, பாய்."

அம்மா முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "பத்திரமாத்தானே இருக்குங்கிறான்? பெறகென்ன கொறை?"

அத்தாவுக்குத்தான் பிடிபடவில்லை. "தோட்டம் நம்மது, மூஞ்சி நம்மது, கம்ப்யூட்டரும் நம்மது. எம்புள்ள பாக்குறதுக்கு எவன்டா பூட்டுப் போட்டது?"

பிரபு மறுபடி கீபோர்டைத் தட்டிப் பார்த்தான். நானும்தான். மூன்று வருசம் படித்ததில் இதைப் பற்றி ஒரு வரி வந்ததில்லை.

சாயங்காலம் அண்ணன் மறுபடி கூப்பிட்டபோது, அத்தா ரிசீவரை வாங்கிக்கொண்டு எழுந்து நின்றார்.

"ஏலே பாரூக்கு, கேட்டுக்க."

தொண்டையைச் செருமி, டிவியில் பேசிய அதே குரலில், "பன்னீர் திராட்சை சாகுபடி செய்யும் விவசாயப் பெருமக்களுக்கு வணக்கம்..." என்று ஆரம்பித்துக் கடைசி வரைக்கும் ஒப்பித்துவிட்டார். நடுவில் இருமிய இடத்தில் இருமலையும் விடவில்லை! சிரித்துச் சிரித்து எங்களுக்கு வயிறே வலித்துவிட்டது.

அந்த ஐப்பசியில் இடி விழுந்து கம்ப்யூட்டர் போனது. பிரபு புது போர்டு போட்டுக் கொடுத்தான். ஹார்ட் டிஸ்க் தப்பித்துவிட்டது. அத்தாவின் ஃபைலும் அப்படியே இருந்தது... அமுக்கினால் கறுப்பு. அதே ஒரு வரி.

"இந்தக் கம்ப்யூட்டர்ல ஓடும்னுதானே சொன்ன?"

"போர்டு மாறிருச்சுல்லக்கா... இப்ப இது நம்மளத் தெரியாதுங்குது."

இன்றைக்கு ஆடு இலை தின்பதைக்கூட போனில் பிடித்து அந்த நிமிடமே சவுதிக்கு அனுப்பிவிடுகிறோம். அத்தா மௌத்தாகி, அடக்கம் முடிந்து வருசங்கள் ஓடிவிட்டன. அந்த ஃபைல் மட்டும் இன்னும் பூட்டித்தான் கிடக்கிறது. யாரை யாரிடமிருந்து பாதுகாக்கிறது? சத்தியமாக எனக்கு இன்னும் விளங்கவில்லை.

போன மாதம் அண்ணன் லீவில் வந்திருந்தான். சாப்பிடும்போது பேச்சு அந்த நிகழ்ச்சிக்குப் போனது. வணக்கம் சொன்ன பிறகு அத்தா என்ன பேசினார்? எனக்கு ஞாபகம் வரவில்லை. அம்மாவுக்கும் வரவில்லை. பத்திரமாக இருக்கிறதே என்று நாங்கள் யாரும் மனசில் வைத்துக்கொள்ளவே இல்லை.

அண்ணன் சாப்பிட்ட கையோடு எழுந்து நின்றான். தொண்டையைச் செருமினான்.

"பன்னீர் திராட்சை சாகுபடி செய்யும் விவசாயப் பெருமக்களுக்கு வணக்கம்..."

ஒரு வார்த்தை விடவில்லை. இருமல்கூட அதே இடத்தில் வந்தது. அம்மா சட்டென்று வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

அந்த நிகழ்ச்சியைக் கண்ணால் பார்க்காதவன் எங்கள் வீட்டில் அவன் ஒருவன்தான்.