பொயின்டில் கிடைத்த பாத் டப்

வாடகைக்கு வான் ஓட்டுகிறவன் நான். 'ஹயர்' என்போம் அதை. வீடு கொட்டாஞ்சேனையில், மாடியில். ஏற்றுகிற ஆட்கள் பெரும்பாலும் வெள்ளவத்தையில் வந்து தங்குகிறவர்கள். கனடா, லண்டன், சுவிஸ் என்று போய்க் குடியேறின எங்கள் ஆட்கள். கலியாணத்துக்கு வருவார்கள், கோயிலுக்கு வருவார்கள். வந்தால் இரண்டு நாள் கடற்கரை ஹோட்டலுக்கும் போகவேண்டும் அவர்களுக்கு. நான் கொண்டுபோவேன்.

தெற்குக் கரையில் இருக்கிற பெரிய ஹோட்டல்களை எல்லாம் எனக்குத் தெரியும். பின்பக்கத்தால் தெரியும். முன்வாசலில் ஆட்களை இறக்குவோம். பெட்டிகளை இறக்குவோம். வானைப் பின்னால் கொண்டுபோய் நிறுத்துவோம். அங்கே டிரைவர்மாருக்கென்று ஓர் அறை இருக்கும். இரும்புக் கட்டில், ஒரு ஃபேன், பக்கத்தில் ஜெனரேட்டர். சோறு காசில்லாமல் சும்மா தருவார்கள். நல்ல சோறு. குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆட்களைப் பதியும்போது ஹோட்டலில் உள்ளூர் போன் நம்பர் கேட்பார்கள். வெளிநாட்டுக்காரரிடம் அது இருக்காது. "அண்ணை, உங்கட நம்பரைக் குடுங்கோ" என்பார்கள். கொடுப்பேன். பிறகு கவுண்டரில் நிற்கிற பிள்ளை, மெம்பராகப் பதியவா, பொயின்ட் சேரும் என்று கேட்கும். "எங்களுக்கு என்னத்துக்கு? இனி எப்ப வாறமோ. அண்ணையின்ர பேரிலயே போடுங்கோ" என்பார்கள். போடுவார்கள். அந்த ஹோட்டல் கம்பனிக்குக் கரை நீளத்துக்கு ஹோட்டல்கள். எங்கே போனாலும் என் நம்பர்தான். போனுக்கு மெசேஜ் வரும். நான் பார்ப்பதில்லை. லோன் தருகிறோம் என்று வருகிற மெசேஜ்களோடு அதுவும் கிடந்தது.

கண்டுபிடித்தது என் மனைவி. அவள் வீட்டில் பிளவுஸ் தைக்கிறவள். என்னைவிட நாலு வகுப்புக் கூடப் படித்தவள். ஒரு பின்னேரம் என் போனை எடுத்து வேண்டாததை அழித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று தையல் மிசினை விட்டு எழும்பினாள்.

"என்னப்பா, நீங்கள் கோல்ட் மெம்பராம்."

"எதுக்கு?"

"ஹோட்டலுக்கு. ஒரு நாள் சும்மா தங்கி நிக்கலாமாம். ரெண்டு பேர்."

"பொய்யா இருக்கும்."

"போன் அடிச்சுக் கேளுங்கோவன்."

கேட்டேன். உண்மை. என்னை "சேர்" என்று கூப்பிட்டார்கள். மனைவி போனைப் பறித்து ஸ்பீக்கரில் போட்டாள். அந்தப் பக்கத்துப் பிள்ளை இன்னொன்றும் சொன்னது. சும்மா கிடைப்பது தோட்டப் பக்கத்துச் சாதாரண அறை. ஆனால் கோல்ட் மெம்பர் என்றபடியால், அன்றைக்குக் காலியாக இருந்தால், கடல் பக்க அறைக்கு அப்கிரேட் பண்ணித் தருவார்கள். பல்கனியில் பாத் டப் வைத்த அறை. முன்கூட்டிப் பிடித்து வைக்க முடியாது. மெம்பர் தானே கவுண்டருக்கு வந்து கேட்கவேண்டும்.

பாத் டப் என்ற சொல் கேட்டதும் மனைவி போனை மேசையில் வைத்தாள். என்னைப் பார்த்தாள்.

அதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் குளியலறையில் இரண்டு வாளி. மோட்டர் போடுகிற நேரம் மட்டும் தண்ணி ஏறும். முழங்கை சுவரில் இடிபடக் குளிக்கவேண்டும். ஒருமுறை லண்டன்காரி ஒருத்தி பிளவுஸுக்கு அளவு கொடுக்க வந்தவள், ஹோட்டலில் எடுத்த படம் காட்டியிருக்கிறாள். வெள்ளைத் தொட்டி, தொட்டிக்குள் அவள், முன்னால் கடல். அன்றிலிருந்து நான் ஹயர் போய்விட்டு வந்தால் என் மனைவிக்கு ஒரே கேள்வி.

"அந்தத் தொட்டியைப் பாத்தனீங்களோ?"

நான் பெட்டியைக் கதவடியில் வைக்கிறவன். உள்ளே எங்கே பார்ப்பது?

"உடம்பு முழுக்கத் தண்ணிக்குள்ள கிடக்கோணும். கழுத்து மட்டும் வெளிய. ஒருக்காப் போதும்" என்பாள். நகை கேட்டதில்லை அவள். இதைத்தான் கேட்டாள்.

ஹயர் இல்லாத ஒரு நாளாகப் பார்த்துக் குறித்தோம். அந்தக் கிழமை ஏழு நாளும் அவள் நிலத்தில் நடக்கவில்லை. ஒரு பிளவுஸுக்கு வலது கையை இடது பக்கம் வைத்துத் தைத்தாள். பிரித்துத் திரும்பவும் இடது பக்கமே வைத்தாள். படியில் கண்ட எல்லோருக்கும் சொன்னாள். மீன்காரருக்கும் சொன்னாள். மீன்காரர் என் கையைப் பிடித்து வாழ்த்துச் சொன்னார். எதற்கு வாழ்த்து என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. வெள்ளவத்தைக்குப் போய்த் தொட்டிக்குள் போட என்று ஒரு புது நைட்டி வாங்கி வந்தாள்.

வெளிக்கிட்ட அன்று முன் சீற்றுக் கதவைத் திறந்துவிட்டேன். அவள் ஏறவில்லை. பின்னால் போய் ஏறினாள். கறுப்புக் கண்ணாடியைப் போட்டாள்.

"இண்டைக்கு நான் உங்கட ஹயர்" என்றாள்.

முன் கதவைச் சாத்தினேன். வானை எடுத்தேன்.

பாணந்துறை தாண்டவில்லை, தொடங்கிவிட்டாள்.

"டிரைவர் அண்ணை, ஏசியைக் கூட்டுங்கோ. எங்கட கனடாவில இப்பிடி வேர்க்காது."

"ஓம் மேடம்."

"அண்ணை, இதென்ன ஊர்?"

"களுத்துறை மேடம்."

"அண்ணைக்குக் கலியாணம் ஆகீட்டுதோ?"

"ஓம் மேடம்."

"மனிசி எப்பிடி?"

"வாய் கூட மேடம்."

பின்னாலிருந்து தண்ணிப் போத்தலால் தலையில் ஒரு தட்டு விழுந்தது. பெந்தோட்டைப் பாலம் வரைக்கும் இப்படித்தான். நான் சிரிக்கிற ஆள் இல்லை. அன்றைக்குக் கண்ணாடியில் என் பல்லை நானே பார்த்தேன்.

ஹோட்டல் முன்வாசலில் நிறுத்தினேன். இறங்கிக் கதவைத் திறந்துவிட்டேன். பெட்டிகளை இறக்கினேன். பெட்டி தூக்குகிற மீசைக்காரர் என்னை நெடுநாள் கண்டவர், தலையை ஆட்டினார். நானும் ஆட்டினேன். வானில் ஏறிப் பின்பக்கம் போனேன். நிறுத்தினேன். போனை வானுக்குள்ளேயே சார்ஜில் போட்டேன். டிரைவர்மாரின் அறைக்குப் போய்க் கை கழுவினேன். சாப்பாட்டுக் கோப்பையில் சோற்றைப் போட்டுக்கொண்டு கட்டிலில் குந்தினேன்.

யோசித்துச் செய்தது இல்லை. கையும் காலும் செய்தது.

அங்கே வழக்கமான ஆட்கள் இருந்தார்கள். கிராண்ட்பாஸிலிருந்து வருகிற முஸ்லிம் டிரைவர் ஒருவர், நானா என்று கூப்பிடுவோம், எனக்குப் பழைய சிநேகிதர், பக்கத்தில் இடம் விட்டார்.

"வாங்க மச்சான். ஆக்கள் எத்தின?"

"ஒரு ஆள்."

"லண்டனா?"

"கொட்டாஞ்சேனை."

எல்லோரும் சிரித்தார்கள். பகிடி என்று நினைத்தார்கள். நானும் மீன் துண்டை எடுத்து வைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் மீசைக்காரர் ஓடி வந்தார். தங்க வந்த ஐயா ஒருவரை, ஒரு மாத்தயாவைக் காணவில்லையாம். மெம்பர் மாத்தயாவாம். அவரின் பெண்சாதி நோனா கவுண்டரில் தனிய நிற்கிறாவாம், போன் அடித்தால் எடுக்கிறார் இல்லையாம். யாராவது கண்டீர்களா என்று சிங்களத்தில் கேட்டார்.

இது நடக்கிறதுதான். வந்து இறங்கின உடனே கடலில் பாய்கிறவர்கள் இருக்கிறார்கள். போன மழைக்காலம் ஒருவரை இழுத்துத்தான் எடுத்தோம்.

"அல்லாவே, மனிசன் குடிச்சிட்டுக் கடல்ல எறங்கிட்டாரோ தெரியா" என்றார் நானா.

எல்லோரும் எழும்பினோம். எனக்கும் மனம் கேட்கவில்லை. பாதிச் சோற்றை வைத்துவிட்டு ஓடினேன்.

"ஆள் பாக்க எப்படி இருப்பாரு?" என்று நானா மீசைக்காரரைக் கேட்டார். அவருக்கும் தெரியவில்லை. கோல்ட் மெம்பர் என்றால் கட்டாயம் பெரிய வயிறு இருக்கும் என்றார். வயிறு இருக்கிற ஆட்களாகப் பார்த்துப் போனோம். குடைக்குக் கீழே படுத்திருந்த ஒரு வெள்ளைக்காரரை நானா தட்டி எழுப்பி, "சேர், கோல்ட்?" என்று கேட்டார். அவர் பயந்து கழுத்துச் சங்கிலியைப் பொத்திக்கொண்டார். நான் காற்சட்டையை முழங்காலுக்கு மடித்து அலைக்குள் இறங்கினேன். கையை நெற்றியில் வைத்துத் தூரம் பார்த்தேன். "சேர்! சேர்!" என்று கத்தினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு உரத்துக் கத்தினதில்லை.

பின்னால் என் மனைவியின் குரல் கேட்டது. சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மணலில் வந்துகொண்டிருந்தாள்.

"என்னப்பா செய்யிறியள்?"

"கிட்ட வராத, அலை. ஒரு ஆளைக் காணேல்லை. தேடுறம்."

"ஆர் ஆள்?"

"ஆரோ ஒரு கோல்ட் மெம்பராம். பெண்சாதியைக் கவுண்டரில தனிய விட்டிட்டுப் போட்டானாம், மண்டை கழண்ட விசரன்."

அவள் நின்றாள். கண்ணாடியைக் கழற்றினாள்.

"அந்த விசரன் நீங்கதான்" என்றாள்.

ஓர் அலை வந்து மடித்த காற்சட்டையை நனைத்துவிட்டுப் போனது. நான் நின்ற இடத்தில் நின்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்தது. மணலில் குந்திவிட்டாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானா என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"மச்சான், அப்ப ஒங்களையா நாங்க தேடினோம்?"

"ஓம்."

"நீங்களும் தேடினீங்களே!"

"ஓம்."

நானாவும் மணலில் குந்திவிட்டார்.

சட்டென்று மனைவி எழும்பினாள். சிரிப்பு நின்றுவிட்டது.

"ஓடுங்கோ! தொட்டி ரூம் கடைசி ஒண்டுதான் கிடக்காம். இன்னொரு சோடியும் வந்து நிக்கினம். அவையளும் மெம்பராம். என்ர பையைக் கவுண்டர் மேல வச்சு மறிச்சிட்டு வந்தனான்!"

ஓடினேன். பின்னால் அவள். அவளுக்குப் பின்னால் டிரைவர்மார் எல்லோரும். நீச்சல் குளத்தைச் சுற்றி ஓடினோம். படுத்திருந்த ஆட்கள் எல்லாம் நிமிர்ந்து பார்த்தார்கள்.

கவுண்டரில் ஒரு பணக்காரக் கொழும்புத் தம்பதி, சிங்களவர். கணவர் மெம்பர் கார்டை நீட்டிக்கொண்டு நின்றார். அந்த அம்மா என் மனைவியின் கைப்பையைப் பார்த்துக்கொண்டு நின்றா. கவுண்டர்ப் பிள்ளை என்னைக் கண்டதும், "அங்கிள், பொட்டக் இன்ன" என்று கையைக் காட்டிற்று. கொஞ்சம் பொறுக்கட்டாம். என்னை டிரைவர் என்றுதான் தெரியும் அவளுக்கு.

"மெம்பர் நான்தான்" என்றேன்.

என்னை மேலும் கீழும் பார்த்தாள். முழங்கால் வரை ஈரம். விரலில் மீன் குழம்பு. காலில் மணல். அடையாள அட்டையை எடுத்து வைத்தேன். அதிலும் ஒரு சோற்றுப் பருக்கை ஒட்டியது.

"இவர்தான் பிள்ளை" என்றார் நானா மூச்சிரைக்க. "நாங்க இவ்வளவு நேரம் இவரத்தான் தேடின. இவரும் எங்களோட சேந்து தேடினாரு. நல்ல மனிசன். கஷ்டப்பட்டுத் தேடினாரு."

கொழும்பு அம்மாவுக்குத் தமிழ் விளங்கவில்லை போலும். என்ன என்று என் மனைவியைக் கேட்டா. மனைவி சிங்களத்தில் சொன்னாள். ஹயர் என்று பின்னால் ஏறினது, ஏசியைக் கூட்டச் சொன்னது, நான் பெட்டியை இறக்கிவிட்டுச் சாப்பிடப் போனது, கடலுக்குள் நின்று கத்தினது, எல்லாம் சொன்னாள். கடைசியில், "எங்கட வீட்டில ரெண்டு வாளிதான் மிஸ். அந்தத் தொட்டிக்காகத்தான் வந்தனாங்கள்" என்றாள். அதைச் சொல்லும்போது மட்டும் அவளுடைய குரல் கொஞ்சம் இறங்கியது.

அந்த அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தா. பிறகு கணவரின் கையிலிருந்து கார்டை வாங்கித் தன் பைக்குள் போட்டா. அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "நமக்கு வீட்டில் இருக்கிறதே, நீங்கள் ஒரு நாளும் அதில் குளிப்பதில்லையே" என்று சிங்களத்தில் சொன்னா. அவர் வாயை மூடிக்கொண்டார்.

சாவி எங்களுக்குக் கிடைத்தது.

பெட்டிகளை மீசைக்காரர் தூக்கப் போனார். டிரைவர்மார் விடவில்லை. ஆளுக்கொன்று தூக்கினார்கள். பெட்டி போதவில்லை. நானாவுக்கு என் தண்ணிப் போத்தல்தான் மிஞ்சியது. அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு முன்னால் நடந்தார். மாப்பிள்ளை அழைப்பு மாதிரி மூன்றாம் மாடிக்குப் போனோம். கதவடியில் எல்லோரும் செருப்பைக் கழற்றினார்கள்.

பல்கனியில் அது இருந்தது. வெள்ளை. நீளம். முன்னால் வேறொன்றுமில்லை, கடல். எல்லோரும் சுற்றி நின்று பார்த்தோம்.

"எங்கட வீட்டு டேங்க் இதவிடச் சின்னது" என்றார் நானா.

மனைவி கையைத் தட்டினாள். "சரி, எல்லாரும் வெளிய போங்கோ. நான் குளிக்கோணும்."

"மச்சான், நீங்களும் வாங்க. நோனா சொல்றாவே."

"இவர் நிக்கட்டும் நானா. இவரை விட்டா திரும்பவும் துலைஞ்சு போவார்."

சிரிப்புச் சத்தம் படி வழியாக இறங்கிப் போனது.

தண்ணி நிரம்ப நேரம் எடுத்தது. அவள் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்தாள், பால் பொங்குவதைப் பார்க்கிற மாதிரி. பிறகு புது நைட்டியோடு ஒரு காலை வைத்தாள். மற்றக் காலை வைத்தாள். மெல்ல இறங்கினாள். கழுத்து மட்டும் வெளியே. கண்ணை மூடினாள். நைட்டி ஊதிக்கொண்டு மேலே வந்தது. அவள் அதை அமுக்கவில்லை.

ஒன்றும் சொல்லவில்லை அவள். அவள் ஒன்றும் சொல்லாமல் இருந்து நான் கண்டது அதுதான் முதல் தடவை.

"எப்பிடி?" என்று கேட்டேன்.

"பாரமே இல்லையப்பா."

கண்ணைத் திறந்தாள். என் காற்சட்டையைப் பார்த்தாள். "அரைவாசி நனைஞ்சுதானே நிக்கிறியள். வாங்கோ."

"நான் நிக்கிறன்."

"கோல்ட் மெம்பர் நீங்கள். நான் சும்மா கூட வந்த ஆள். வாங்கோ."

காற்சட்டையைக் கழற்றிச் சாரத்தைக் கட்டிக்கொண்டு போனேன். இறங்கினேன். நான் பாரமான ஆள். தண்ணி பாதி எழும்பிப் பல்கனியால் கீழே போனது. கீழே யாரோ கத்தினார்கள். இருவரும் தலையைக் குனிந்துகொண்டோம். அவள் என் தோளில் முகத்தை வைத்துச் சத்தம் வராமல் சிரித்தாள். தொட்டியும் சேர்ந்து ஆடியது. எனக்கும் அடக்க முடியவில்லை.

"தண்ணி குறைஞ்சு போச்சு" என்றேன்.

"அதுக்கென்ன?" என்றாள். காலை நீட்டிப் பெருவிரலால் குழாயைத் திறந்துவிட்டாள்.