லோடா, காலியா?

புது மினி லாரி வாங்கியதும் விமானம் ஓட்டுவதாக எனக்கு நினைப்பு. தினமும் விழுப்புரத்து மல்லாட்டை என்னும் வேர்க்கடலை மூட்டைகளைத் திண்டிவனத்தில் இறக்கிவிட்டுக் காலியாகப் பறப்பேன். அங்கே காற்றடிப்பவர் ஒல்லி, என்னைவிட இளையவர். காய்ச்சல் பார்ப்பதுபோல் டயரில் கைவைத்து, “லோடா, காலியா?” என்று கேட்காமல் குழாயைத் தொடமாட்டார்.

ஒரு மழைநாளில், “லோடுதான். அறுபது பவுண்டு வைப்பா, கல்லு மாதிரி இருந்தாதான் ஓடும்” என்று புளுகினேன். அவர் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தார்.

“காலி வண்டி சார். மழையில குதிச்சிக்கினு போவும், பிரேக்கு நிக்காது.”

“எனக்கே கத்துத்தர்றியா?”

“இன்னொருத்தரும் இதான் கேட்டாரு. கேட்டத வெச்சி அனுப்பினேன். ஒலக்கூராண்ட இருந்து வண்டிய மட்டும் இழுத்துக்கினு வந்தாங்க. டயர்ல நான் அடிச்ச காத்து அப்டியே இருந்திச்சி சார்.”

நாற்பது பவுண்டோடு கிளம்பிய மாவீரன், வழியெல்லாம் மாட்டுவண்டிக்குப் பின்னாலேயே போனேன். இன்றும் காற்றடிக்கும் இடத்தில் யாரும் கேட்குமுன்னே “காலிங்க” என்று சொல்லிவிடுகிறேன். சொல்லிவிட்டு, பின்னால் காலிதானா என்று ஒருமுறை திரும்பியும் பார்த்துக்கொள்கிறேன்.