தார்ப்பாய்க்கு அடியில் தேன் வாசனை

நியூசிலாந்தின் தெற்கே, குளிர் அதிகமான ஒரு ஊரில், ஒயின் தோட்டத்தில் வேலை பார்க்கிறேன். வருகிறவர்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கொடுத்து, என்ன வாசனை, என்ன ருசி என்று சொல்ல வேண்டும். வாய்ச் சவடால் வேலை. எனக்கு நன்றாகவே வரும். இங்கே இலையுதிர்காலப் பனியில் திராட்சையை வேண்டுமென்றே அழுக விடுவார்கள். பொட்ரைடிஸ் என்ற பூஞ்சணம் தோலைத் துளைக்கும். நீர் வற்றி, பழத்தில் இனிப்பு மட்டும் மிஞ்சும். அந்தச் சுருங்கிய பழத்தில் செய்த ஒயினுக்குத்தான் ராஜ மரியாதை.

குறுவை அறுவடைக்கு லீவில் ஊருக்குப் போனபோது, அப்பா ருசி பார்க்கட்டும் என்று ஒரு பாட்டில் கொண்டுபோனேன். பூதலூர்ப் பக்கம், கொள்முதல் நிலையத்து வாசலில் எங்கள் நெல் குவிந்து கிடந்தது. அப்பா நாலு நெல்லை வாயில் போட்டுக் கடித்தார்.

"டக்குங்குது பாரு. காஞ்சிருச்சு."

நிலையத்தில் ஈரப்பதம் பார்க்கும் மெஷின், இன்னும் ஈரம் என்றது. இன்னும் ரெண்டு நாள் காயப் போடுங்க என்றார்கள். அன்று மதியமே மழை பிடித்துக்கொண்டது. ஆறு நாள் விடவில்லை.

ஏழாம் நாள் காலை, குவியலை மூடியிருந்த தார்ப்பாயை இருவருமாகத் தூக்கினோம். சூடான காற்று முகத்தில் அடித்தது. நெல்லெல்லாம் வெள்ளை வெள்ளையாக முளைவிட்டிருந்தது. தொழில் புத்தி எங்கே போகும்?

"தேன் வாசனை வருதுப்பா. எங்க ஒயின்ல வர்ற மாதிரியே" என்று சொல்லிவிட்டேன். போதாக்குறைக்கு, அதுவும் அழுகின பழம்தான் என்று விளக்கம் வேறு. இப்போது நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

அப்பா கத்தவில்லை. வீட்டுக்கு வந்ததும் பாட்டிலைக் கேட்டார். டம்ளரில் ஊற்றிக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்தார்.

"நல்லாத்தான் இருக்கு" என்றவர், வேட்டி மடியிலிருந்து முளைத்த நெல்லை ஒரு பிடி எடுத்து என் கையில் வைத்தார்.

"இதையும் எடுத்துக்கிட்டுப் போடா. அங்கதான் அழுகுனதுக்கு ஆள் இருக்குல்ல. ஒரு பேரு வச்சு வித்துக் குடு."

குறுவைக்கு அடுத்த தாளடிப் பருவத்துக்கு அவர் நாற்று விடவில்லை. நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டார். இங்கே அந்த ஒயினை ஊற்றும்போது தேன் என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. நீங்களே சொல்லுங்கள் என்று கிளாஸை நீட்டிவிடுகிறேன்.

போன வாரம் அம்மா போனில் சொன்னாள். குத்தகைக்காரர் அறுத்த நெல்லில் நாலை நீட்டி, "கடிச்சுப் பாத்துச் சொல்லுங்க" என்று அப்பாவிடம் கேட்டாராம். அப்பா கையைக்கூட நீட்டவில்லையாம்.

"மெஷினைக் கேட்டுக்கங்க" என்றாராம்.