எங்கள் வீட்டு வெள்ளைக்காரன்

அந்த நடிகருடைய பெயர் அம்மாவின் வாயில் கடைசிவரை நுழையவில்லை. நுழைய வேண்டிய அவசியமும் இல்லை. 'நம்ம வெள்ளக்காரன்' என்றால் எங்கள் வீட்டில் அவர் ஒருவர்தான். அமெரிக்காவில் எங்கேயோ இருக்கிற மனிதர். விண்வெளிக் கப்பல், வேற்றுக்கிரகம், காலத்தைத் தாண்டும் இயந்திரம் என்று வருகிற டிவி தொடர்களில் மாறி மாறி நடிப்பவர். அவர் தமிழில் வாயைத் திறந்தால் வருவது என் தம்பியின் குரல்.

தம்பி நடிகனாக வேண்டும் என்றுதான் காரைக்குடியில் ரயிலேறிச் சென்னைக்குப் போனான். முகம் வேண்டாம், தொண்டை மட்டும் போதும் என்று சொல்லிவிட்டார்கள். இதை அவனே சொல்லிச் சிரிப்பான். எனக்குத்தான் சிரிப்பு வராது, பற்றிக்கொண்டு வரும். என் தம்பி முகத்துக்கு என்ன குறைச்சல்? பல வருஷம் டப்பிங்கில் கூட்டத்துக் குரல்தான் கொடுத்தான். 'ஓடு', 'பிடி', 'ஐயையோ', அவ்வளவுதான் வசனம். அப்புறம் ஒரு விண்வெளித் தொடரில் கப்பல் இன்ஜினியராக வந்த இந்த மனிதருக்குப் பேசும் வாய்ப்புக் கிடைத்தது. அந்தத் தொழிலில் ஒரு முகத்துக்கு ஒரு குரல் பொருந்திவிட்டால் லேசில் மாற்ற மாட்டார்களாம். அவர் அடுத்த தொடரில் வேற்றுக்கிரக மந்திரியாக வந்தபோதும் இவனைத்தான் கூப்பிட்டார்கள். அதற்கடுத்ததில் டாக்டர். அதற்கும் இவன்தான்.

"ஏண்டா, இம்புட்டுப் பெரிய ஊர்ல வேற ஆளே இல்லையா? இதுலயும் அவனே வாரான், அதுலயும் அவனே வாரான்" என்று அம்மா போனில் கேட்டாள்.

"அது ஒரு கூட்டம்மா. ஒரு கதையில செத்துட்டா இன்னொரு கதையில வந்துருவாக. பாக்குறவுகளும் இவன் அதுல வந்தவன்தானேன்னு கண்டுபுடிச்சுக் கண்டுபுடிச்சுச் சந்தோசப்படுவாக."

"நம்ம ஊர்த் திருவிழா நாடகத்துல ராஜபார்ட் போடுறவுக மாதிரின்னு சொல்லு. இந்த வருசம் ஒரு ராசா, அடுத்த வருசம் வேற ராசா" என்றாள் அம்மா. அதோடு அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

உலகத்தில் மற்றவர்கள் அவரை முகத்தை வைத்துக் கண்டுபிடித்திருப்பார்கள். எங்களுக்கு அந்த வேலையே இல்லை. மந்திரி வேஷத்தில் ஓணான் மாதிரி முகம் முழுக்க ரப்பரை ஒட்டிவிட்டிருந்தார்கள். கண் எது, காது எது என்று தெரியாமல் நான் விழித்துக்கொண்டிருந்தேன். அம்மா மட்டும், "தம்பி பேசுறான் பாரு. அப்ப உள்ள இருக்கிறது நம்ம வெள்ளக்காரன்தான்" என்றாள். சொல்லிவிட்டு எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

டப்பிங்கில் அவன் பேசுகிற தமிழைத்தான் அம்மாவால் தாங்க முடியாது. "உடனடியாக வெளியேறுங்கள்! ஆபத்து நெருங்குகிறது!" என்று அவன் முழங்கும்போது, "கலெக்டராபீசுல மைக்கு வச்சுப் பேசுற மாதிரியே இருக்கு" என்பாள். ஊர்ப் பேச்சை நாக்கிலிருந்து வழித்தெடுக்க அவன் படாத பாடு பட்டான். ஆனால் டாக்டராக வந்த தொடரில் ஒரே ஓர் இடத்தில் சறுக்கிவிட்டான். தீப்பிடித்த அறைக்குள் ஒரு பெண் ஓடுகிறாள். வெள்ளைக்காரர் கையை நீட்டிக்கொண்டு, "அங்குட்டுப் போகாத!" என்று அலறுகிறார். வாயசைவு சரியாக இருந்ததால் ஒலிப்பதிவு செய்தவர்கள் விட்டுவிட்டார்கள் போல. ஆத்தாடி, அன்றைக்கு நாங்கள் சிரித்த சிரிப்பு! பள்ளத்தூரிலிருந்து சித்தி போன் போட்டு, "கேட்டீகளா, கேட்டீகளா" என்று மூச்சு வாங்கினாள்.

ஒரு சமயம் வெள்ளைக்காரருக்கு உடம்பு சரியில்லை, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று தம்பி சொன்னான். அம்மாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவர் நடித்தால்தானே இவன் பேச முடியும்? செவ்வாய்க்கிழமை அம்மன் கோயிலில் போய் அர்ச்சனைக்குத் தட்டை நீட்டினாள். பேரென்ன, நட்சத்திரம் என்ன என்று குருக்கள் கேட்டார். அம்மா திருதிருவென்று விழித்துவிட்டு, "வெள்ளைக்காரர்னு சொல்லுங்க சாமி, ஆத்தாளுக்குத் தெரியும்" என்றாள். குருக்களும் சிரிக்காமல் அப்படியே சொன்னார். ஆத்தாளுக்குத் தெரிந்துதான் இருந்தது. மனிதர் பிழைத்து எழுந்துவிட்டார்.

போனது என் தம்பி. வேலை முடிந்து வந்தவன் மாடிப்படியில் விழுந்துவிட்டான். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். நாங்கள் சென்னை போய்ச் சேரும்போது தொண்டைக்குள் குழாய் இறக்கியிருந்தார்கள். "அந்தக் குழாய எடுத்தா பேசிருவான்ல?" என்று அம்மா பார்க்கிற நர்ஸையெல்லாம் கேட்டாள். குழாயை எடுத்தபோது பேச ஆள் இல்லை. ஊரெல்லாம் கேட்கப் பேசியவன் பெற்றவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போனான்.

துக்கம் கேட்க வந்தவர்கள், "அவன் குரல்தான் டிவியில இருக்கே, அதக் கேட்டு ஆறுதல் பட்டுக்கங்க" என்றார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "உங்க வீட்டுல எழவு விழுந்தா டிவியப் போட்டு ஆறுதல் பட்டுக்கிருவீகளா?" என்று ஓர் அத்தையிடம் கேட்டேவிட்டேன். அவர் அதிலிருந்து என்னோடு பேசுவதில்லை. அந்த நடிகரைப் பார்த்தாலும் எனக்கு எரிந்தது. அர்ச்சனை வாங்கிக்கொண்டு அவர் நன்றாக இருக்கிறார். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை என்று தெரியும். தெரிந்தும் எரிந்தது.

அம்மாவோ பழைய தொடர்கள் மூன்றையும் திரும்பத் திரும்பப் பார்த்தாள். அவளுக்கு எல்லா வசனமும் மனப்பாடம். அவன் பேசுவதற்கு முன்னாலேயே அவள் உதடு அசையும். ஒருநாள், "இதெல்லாம் கேட்டதுதானத்தா. புதுசா ஒண்ணுக்குப் பேச ஆரம்பிச்சிருக்கேன்னானே, அது எப்ப வரும்?" என்றாள். உண்மைதான். வெள்ளைக்காரர் நாலாவதாக ஒரு தொடரில் வயதான தளபதியாக வருகிறார், பேசிக்கொண்டிருக்கிறேன் என்று கடைசியாக ஊருக்கு வந்திருந்தபோது சொல்லியிருந்தான். இனி அவள் கேட்காத வார்த்தை அவனிடம் ஏதாவது மிச்சம் இருந்தால், அது அங்கேதான் இருந்தது. அதையும் அழித்துவிட்டு வேறு ஆளை வைத்துப் பேசியிருப்பார்களோ என்று எனக்குள் ஒரே பயம். அம்மாவிடம் அதைச் சொல்லவில்லை.

அவனோடு வேலை பார்த்த பையன் ஒருநாள் கூப்பிட்டான். "அக்கா, இந்த வாரம் ஓடிடியில வருது. அண்ணன் பேசினதை எடுக்க எங்களுக்கு மனசு வரலை, வெச்சிருக்கோம்" என்றான். எவ்வளவு தூரம் பேசியிருக்கிறான் என்று அவன் சொல்லவில்லை. எனக்கும் கேட்கத் தைரியம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அம்மா நாற்காலியை டிவிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். மின்விசிறிச் சத்தம் வேண்டாம் என்று அதையும் நிறுத்தச் சொன்னாள். யார் யாரோ வந்தார்கள், சுட்டுக்கொண்டார்கள். "எங்க ஆளக் காணோம்? சோறு திங்கப் போயிட்டானா?" என்று முணுமுணுத்தாள். அப்புறம் ஒரு கதவு திறந்தது. நரைத்த தாடியோடு வெள்ளைக்காரர் உள்ளே வந்தார். "யார் உங்களுக்கு அனுமதி கொடுத்தது?" என்று தம்பி கேட்டான்.

அம்மா அழவில்லை. காதைத் தீட்டிக்கொண்டு இன்னும் நாலு வசனம் கேட்டாள். பிறகு என் பக்கம் திரும்பி, "சளி புடிச்சிருக்கு பாரு இவனுக்கு. மூக்குல பேசுறான். ஏசி ரூமுல தலைய ஈரத்தோட வச்சுக்கிட்டு நின்னுருப்பான், சொன்னா எங்க கேக்குறான்" என்றாள். அந்தச் சளி எனக்குக் கேட்கவே இல்லை. நான் அடுக்களைக்குள் போய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதுவிட்டு வந்தேன்.

முதல் எபிசோடு முடிந்தது. இரண்டாவதும் அவன்தான். அம்மா அசையாமல் உட்கார்ந்திருந்தாள். காபி ஆறிப்போனது. மூன்றாவது ஆரம்பித்தது. அதே நரைத்த தாடி, அதே சட்டை. வெள்ளைக்காரர் வாயைத் திறந்தார். வேறு யாரோ பேசினார்கள்.

நல்ல குரல்தான். திருத்தமான உச்சரிப்பு. எனக்கு அந்த ஆளைக் கழுத்தை நெரிக்க வேண்டும்போல் இருந்தது. அம்மா கண்ணைச் சுருக்கித் திரையைப் பார்த்தாள்.

"இது யாரு?"

"நம்ம வெள்ளக்காரன்தாம்மா."

"இல்லத்தா. இது வேற யாரோ" என்றாள். ரப்பர் முகத்துக்குள்ளேயே அவரைக் கண்டுபிடித்தவள். இப்போது அந்த முகம் திரை முழுக்க நின்றும் அவளுக்கு ஆள் தெரியவில்லை.

கொஞ்ச நேரத்தில் அவளுக்கே புரிந்தது. "இம்புட்டுத்தானா?" என்றாள். ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

"கடைசியா என்ன சொன்னான்? அந்த எடத்தப் போடு."

வேண்டாம்மா என்றேன். கேட்கவில்லை. ரிமோட்டை எடுத்து இரண்டாவது எபிசோடின் முடிவுக்குத் தள்ளினேன். கப்பல் உடைந்துகொண்டிருக்கிறது. தளபதி தன் ஆட்களைச் சின்ன ஊர்தியில் ஏற்றிவிடுகிறார். வர மறுத்து நிற்கிற வயதான அம்மாள் ஒருத்தியின் தோளைப் பிடித்து உள்ளே அனுப்புகிறார்.

"நீங்கள் முன்னால் செல்லுங்கள். நான் பின்னாலேயே வந்துவிடுகிறேன்" என்றான் தம்பி.

அம்மா நாற்காலியிலிருந்து எழுந்து டிவிக்கு நேரே போய் நின்றாள். சின்னப் பையனைக் கண்டிக்கிற அதே குரலில் அவனைப் பார்த்துக் கேட்டாள்.

"முன்னால போனது யாருடா?"