மாதிரி வீட்டுக் குடும்பம்

வாங்க வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காகப் புது வீட்டில் ஒரு குடும்பத்தையே உட்கார வைப்பார்கள் என்றால் யாரும் நம்புவதில்லை. அப்படி உட்கார்ந்தவள் நான். எண்பதுகளின் கடைசியில், நாகலூர் பக்கம் காப்பிச் செடிகளைப் பிடுங்கி எறிந்த மலைச் சரிவில், சேலத்துக் காண்ட்ராக்டர் ஒருவர் வரிசையாக வீடுகள் கட்டி விற்றார். முதல் வீட்டில் எங்களைக் குடிவைத்தார். எஸ்டேட்டில் வேலை பார்த்த அப்பா, அம்மா, நான்.

"எல்லா ஊடும் வித்தப்பறம் இந்த ஊட்டைக் கட்டுன வெலைக்கே உங்களுக்குக் குடுத்தர்றனுங்க. மாசாமாசம் கட்டிக்கலாம்," என்றார் அம்மாவிடம். எஸ்டேட் கூலிகளுக்கான லயன் வீட்டு ஒற்றை அறையிலிருந்து வந்தவள் அதை அப்படியே நம்பினாள். மறுநாளே வாசலில் டேலியா நட்டாள்.

ஞாயிறு சர்ச் பூசைக்குக்கூட விடமாட்டார். அன்றுதான் கார்கள் வரும். அம்மா காப்பி போட வேண்டும், நான் ஜன்னலோரம் புத்தகத்தோடு இருக்க வேண்டும். வந்தவர்கள் எங்கள் கட்டிலைத் தட்டிப் பார்ப்பார்கள். என் பாவாடைகளை ஒதுக்கிவிட்டு அலமாரியின் ஆழம் பார்த்தாள் ஒருத்தி. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"சிரிச்ச மொகமா இரு கண்ணு. நம்ம ஊடு," என்பாள் அம்மா.

நம்ம ஊடாம். சேலத்து வெயிலுக்குக் கட்டுவதுபோல மொட்டை மாடி போட்டு, மழைக்காற்று அடிக்கிற பக்கமாகப் பார்த்துப் பெரிய ஜன்னல் வைத்திருந்தார் அந்தப் புத்திசாலி. மழை பிடித்தால் சுவரெல்லாம் ஓதம். துணி காயாது. படுக்கையறைச் சுவர் கறுத்துப் பூஞ்சணம் பூத்தது. கூரையைச் சரிசெய்வாரா? அலமாரியை நகர்த்தி அந்தச் சுவரை மறைத்தார். சனிக்கிழமை முழுக்க இரும்புச் சட்டியில் கரி மூட்டி, அறை அறையாக வைத்து உலர்த்தச் சொன்னார். அம்மா கண் எரிய எரிய உலர்த்துவாள். ஞாயிற்றுக்கிழமை, "வருசம் பூரா இப்படித்தானுங்க இருக்கும்," என்று நாக்கூசாமல் புளுகுவார்.

கடைசியில் பக்கத்து வீடு ஒன்றுதான் விற்காமல் நின்றது. அது போனால் எங்கள் வீடு எங்களுக்கு. அதைப் பார்க்க ஒரு தம்பதி கைக்குழந்தையோடு வந்தார்கள். குழந்தையின் நெஞ்சு கர்ர் கர்ர் என்று இழுத்தது.

"ஏனுங்க அக்கா, கொழந்தைக்கு எளப்பு இருக்குதுங்க," என்றாள் அந்தப் பெண். "மழைக்கு இந்த ஊடெல்லாம் எப்படிங்க?"

காண்ட்ராக்டர் அம்மாவையே பார்த்தார். 'நல்லா இருக்குதுங்க' என்று ஒரு வார்த்தை போதும். சொல்லித் தொலையேன் என்று நான் மனதுக்குள் கெஞ்சினேன். அம்மா போய் அலமாரியைப் பிடித்து இழுத்தாள்.

"இப்படித்தானுங்க," என்று கறுத்த சுவரைக் காட்டினாள்.

அந்த வாரமே எங்களைக் காலிசெய்ய வைத்தார். தட்டுமுட்டுச் சாமான்களோடு பழைய லயனுக்கே நடந்தோம். அதைக்கூட விடலாம், அந்த ஆள் எப்படிப்பட்டவர் என்பது தெரிந்ததுதான். என் வயிறு இன்றும் எரிவது அடுத்து நடந்ததற்கு. அந்தத் தம்பதி, அம்மா காட்டிய சுவரைச் சொல்லியே பேரம் பேசி, விலையை இறக்கி வாங்கிவிட்டார்கள். அதுவும் பக்கத்து வீட்டை அல்ல. ஆள் புழங்கிக் கொஞ்சமாவது காய்ந்த வீடு என்று எங்கள் வீட்டை.

ஆடி மழை தொடங்கியதும் ஆள் அனுப்பினார்கள். குழந்தைக்கு ரொம்ப இழுக்கிறதாம். அக்கா வந்து கரி மூட்டி அறையை உலர்த்தித் தர முடியுமா என்று கேட்டார்களாம். வெட்கம் கெட்ட ஜென்மங்கள்.

"நீ போனா நான் உன்கூடப் பேசவே மாட்டேன்," என்றேன்.

அம்மா இரும்புச் சட்டியை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"அந்தக் கொழந்தை என்ன கண்ணு பண்ணும்?"

மழை விடும்வரை தினமும் போனாள், எங்கள் வீட்டுக்கு, பின்வாசல் வழியாக.